கணையம் சுரக்காத பூனைக்கு எந்த நொதி: பொடியா, பச்சைக் கணையமா, கேப்ஸ்யூலா?

வேளை தவறாமல் சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாமல் ஒரு பூனை மெலிந்துகொண்டே போனால், முதலில் குடற்புழு, அப்புறம் தைராய்டு, சர்க்கரை, குடல் அழற்சி என்றுதான் பரிசோதனைகள் போகும். அதிகம் வருபவை அவைதான் என்பதால் முறையும் அதுவே. ஆனால் எல்லாம் பார்த்தும் விடை கிடைக்காத பூனைகளில் சிலவற்றுக்குக் கோளாறு கணையத்தில் இருக்கிறது. செரிமான நொதிகளைச் சுரக்கும் திசு பெரும்பகுதி அழிந்துபோய், தின்றது செரிக்காமலே வெளியேறுகிறது. கணையப் புறச்சுரப்புக் குறைபாடு என்பது நோயின் முழுப் பெயர், மருத்துவமனையில் இ.பி.ஐ. என்பார்கள்.

நாய்களில் இது பல காலமாகத் தெரிந்த நோய். ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களில் இளவயதிலேயே கணையச் செல்கள் சுருங்கிப்போவதால் வருகிறது. பூனைகளில் அரிது. காரணமும் பெரும்பாலும் வேறு: வெளியே தெரியாமல் நீண்டகாலம் இருந்த கணைய அழற்சி, நல்ல திசுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கிவிடுகிறது. கணையத்தின் இருப்புத் திறன் அதிகம் என்பதால், பத்தில் ஒன்பது பங்கு போன பிறகே அறிகுறி தெரியத் தொடங்கும். அதாவது, நோய் தெரியவரும்போது அது எப்போதோ தொடங்கியிருக்கும். வளர்ப்பவர் கவனிக்காமல் விட்டதால் வந்ததல்ல இது.

இதற்கு மருந்து, பூனை சுரக்காத நொதியை ஒவ்வொரு வேளையும் உணவோடு கொடுப்பது. பெரும்பாலும் ஆயுள் முழுக்க. அதை எந்த வடிவத்தில் கொடுப்பது என்பதுதான் வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு. பூனையின் நாக்கு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையெல்லாம் வைத்தே அதை எடுக்க முடியும்.

முதலில், நோய் இதுதானா?

பூனையின் இ.பி.ஐ. நாயுடையதைப் போல இருக்கும் என்று எதிர்பார்ப்பதாலேயே பல பூனைகள் தவறவிடப்படுகின்றன. குவியல் குவியலாக, வெளிறிய, எண்ணெய் மினுக்கும் மலம், அகோரப் பசி என்பது நாயின் படம். 2016இல் வெளியான, நோய் உறுதியான 150 பூனைகளைப் பற்றிய ஆய்வில் எடைக் குறைவு 91 சதவீதத்திலும், மலம் இளகியது 62 சதவீதத்திலும் இருந்தன. பசி கூடியவை 42 சதவீதம், பசி குறைந்தவை 45 சதவீதம். தண்ணீராகப் பேதி போனவை 28 சதவீதம் மட்டுமே. ஆகவே, மலம் ஓரளவு கெட்டியாக இருக்கிறது, பசியும் இல்லை என்பதற்காக இந்த நோயை ஒதுக்கிவிட முடியாது. மங்கிப்போன, நக்கிச் சுத்தம் செய்யாத ரோமமும், வாலுக்கு அடியில் பிசுக்கு ஒட்டி ஈரமாகவே இருக்கும் முடியும் கவனிக்க வேண்டியவை. வயதும் தடையல்ல; அந்த ஆய்வில் மூன்று மாதக் குட்டியும் இருந்தது, 18 வயது தாண்டியதும் இருந்தது.

உறுதிசெய்யும் பரிசோதனை ஒன்றுதான்: பூனைக்கென்றே உருவாக்கப்பட்ட டி.எல்.ஐ. இரத்தப் பரிசோதனை. கணையத்திலிருந்து இரத்தத்தில் கசியும் டிரிப்சினோஜனை, அதாவது ஒரு செரிமான நொதியின் முன்வடிவத்தை, இது அளக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் இரைப்பைக் குடல் ஆய்வகம் வகுத்த அளவுகளின்படி, லிட்டருக்கு 12 முதல் 82 மைக்ரோகிராம் இயல்பு. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் இ.பி.ஐ. இடைப்பட்டு வந்தால் சில வாரங்கள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இங்கே நான்கு இடங்களில் தவறு நேர்கிறது. ஒன்று, நாயின் டி.எல்.ஐ. பரிசோதனை பூனைக்குப் பொருந்தாது. படிவத்தில் பூனை என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, 12 மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் பூனையாக இருந்தால் இதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். மூன்று, சிறுநீரகம் பழுதானாலோ கணைய அழற்சி கிளர்ந்திருந்தாலோ எண் உயர்ந்து, குறைபாட்டை மறைத்துவிடும். நான்கு, ஸ்கேனில் கணையம் நன்றாகத் தெரிகிறது என்பதை வைத்து இந்த நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

பரிசோதனைக்கு அனுப்பாமல் நேரே நொதியைக் கொடுத்துப் பார்க்கலாமே என்ற யோசனை வரும். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. நொதி கொடுக்கத் தொடங்கும்போது கூடவே உணவும் மாறும், வைட்டமினும் சேரும். பூனை தேறினால் எதனால் தேறியது என்று தெரியாது. தேறாவிட்டால் நோய் இல்லையா, அளவு போதவில்லையா என்பதும் தெரியாது. ஆயுளுக்கும் தொடரப்போகிற வைத்தியத்தை ஊகத்தின்மேல் கட்டக் கூடாது. ஏற்கெனவே நொதி தொடங்கிவிட்டிருந்தாலும் பரவாயில்லை. வாய்வழி கொடுக்கும் நொதி டி.எல்.ஐ. அளவை மாற்றாது, நிறுத்தாமலே இரத்தம் எடுக்கலாம். அதே இரத்த மாதிரியில் பி12, ஃபோலேட் என்ற இரண்டு வைட்டமின்களின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். பி12 ஏன் என்பது பின்னால் வருகிறது.

பொடி

அமிலம் தாங்கும் மேற்பூச்சு போடாத கணையப் பொடிதான் முதலில் முயல வேண்டியது. பன்றியின் கணையத்தை உலர்த்தி அரைத்தது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ், புரதத்தைச் செரிக்கும் புரோட்டியேஸ், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மூன்றும் இருக்கும். இவற்றில் நமக்கு முக்கியம் லைபேஸ், ஏனெனில் கொழுப்பைச் செரிப்பதற்குத்தான் உடம்பில் மாற்று வழி மிகக் குறைவு. டப்பாக்களை ஒப்பிடும்போது விலைச்சீட்டையோ எத்தனை மடங்கு வீரியம் என்ற விளம்பரத்தையோ பார்க்காமல், ஒரு கிராமுக்கு எத்தனை அலகு லைபேஸ் என்று பாருங்கள். கால்நடைக்கென விற்கும் வீரியமான பொடியில் ஒரு டீஸ்பூன் சுமார் 2.8 கிராம் இருக்கும். அதில் லைபேஸ் 71,400 அலகு. மற்ற எந்தப் பொடியையும் கேப்ஸ்யூலையும் இந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் கணக்கு புரிந்துவிடும்.

வழக்கமான தொடக்க அளவு, பூனைக்கு ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன். ஒரு நாளைக்கு இரண்டு வேளையாவது உணவு. தட்டில் எப்போதும் உணவு கிடக்கும் பழக்கம் இந்தப் பூனைக்கு இனி ஒத்துவராது. நொதி இல்லாமல் தின்னும் ஒவ்வொரு வாயும், இடையில் போடும் சிறு தின்பண்டம் உட்பட, செரிக்காமல் பேதிக்கு வழிவிடும். இன்னொரு பூனை இருந்தால் அதன் தட்டு இதற்கு எட்டாதபடி வேறு அறையில் வையுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் மலம் இளகியே இருக்கும் வீடுகளில், பக்கத்துத் தட்டே காரணமாக இருப்பது உண்டு.

கலக்கும் முறையில்தான் சூட்சுமம். ஈர உணவை அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, பொடியைத் தூவி, ஒன்றிரண்டு டீஸ்பூன் சாதாரணத் தண்ணீர் விட்டு, உலர்ந்த துகள் கண்ணில் படாத அளவுக்குப் பிசையுங்கள். 15, 20 நிமிடம் வைத்தால் உணவின் விளிம்பு பளபளத்து, கட்டி தளர்ந்து, அடியில் நீர் விடத் தொடங்கும். நொதி வேலை செய்கிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி. இப்படி ஊறவைப்பதால் நொதியின் பலன் கூடுவதாக நிறுவப்படவில்லை. ஆனாலும் ஊறவைக்கச் சொல்கிறோம், காரணம் பூனையின் வாய். உலர்ந்த பொடி ஈறிலும் உதட்டு மடிப்பிலும் ஒட்டினால் அங்கேயும் புரதத்தைச் செரிக்க ஆரம்பித்துவிடும். வாய்ப்புண், எச்சிலில் இரத்தம், திடீரென உணவை முகர்ந்துவிட்டு விலகுவது எல்லாம் அதன் அடையாளங்கள். நன்றாக நனைந்து உணவோடு சேர்ந்த பொடியால் அந்த ஆபத்து குறைகிறது. சாப்பிட்டு முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுத்தால் இன்னும் நல்லது. உணவை மணிக்கணக்கில் ஊறவிடாதீர்கள். குழைந்து கசந்துபோன உணவைப் பூனை தொடாது.

சூடு ஆகாது. பொடி கலந்த பிறகு மைக்ரோவேவில் வைத்தாலோ வெந்நீர் ஊற்றினாலோ நொதி செத்துவிடும். உணவைச் சூடாக்க வேண்டுமானால் முதலில் சூடாக்கி, வெதுவெதுப்பும் ஆறிய பிறகு கலக்குங்கள். டப்பாவில் ஈரக் கரண்டியை விடாதீர்கள். கட்டிதட்டிய பொடி வீரியம் இழந்தது. உங்களையும் காத்துக்கொள்ளுங்கள்: தூசியாகப் பறக்கும் இந்தப் பொடி மூச்சில் போனால் மூக்கிலும் நுரையீரலிலும் எரிச்சல் தரும், ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பையே கிளப்பலாம். டப்பாவைக் குலுக்காமல், மின்விசிறியை நிறுத்திவிட்டு அளந்து, கையைக் கழுவுங்கள். ஆஸ்துமா இருப்பவர் முகக்கவசம் போடட்டும், அல்லது வேறொருவர் கலக்கட்டும்.

பொடியின் ஒரே பெரிய குறை சுவை. நாய் கண்டுகொள்ளாது, பூனை கண்டுகொள்ளும். முதல் நாளே முழு டீஸ்பூனைக் கொட்டினால், பூனை அந்தப் பொடியோடு சேர்த்து அந்த உணவையே வெறுத்துவிடக்கூடும். பசியுள்ள, நன்றாகச் சாப்பிடும் பூனைக்கு முழு அளவில் தொடங்கலாம். பிடிவாதக்காரப் பூனைக்குக் கால் டீஸ்பூனில் தொடங்கி ஒரு வாரத்துக்குள் ஏற்றுவது நல்லது. அந்த ஒரு வாரம் மலம் சரியாகாது என்பதை ஏற்றுக்கொண்டே செய்ய வேண்டும். மணம் தூக்கலான மீன் உணவு, அல்லது உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத மீன் வேகவைத்த தண்ணீர் உதவும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடாதீர்கள். சில நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் பொடியை விட்டுவிட்டுச் சாதாரண உணவைக் கொடுத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பச்சைக் கணையம்

மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றின் பச்சைக் கணையம் பொடிக்கு நிகராகவே வேலை செய்கிறது. பொடியை முகர்ந்தாலே ஓடும் பூனை இதை விரும்பித் தின்பது உண்டு. மருந்தை உணவாகவே ஏற்றுக்கொள்கிறது என்பது இதன் பெரிய பலம். வாய்ப்புண் தொல்லையும் பொடியைவிடக் குறைவு. பன்றிப் பொருள் வேண்டாம் என்று நினைக்கும் வீட்டுக்கு மாட்டுக் கணையமோ ஆட்டுக் கணையமோதான் வழி.

ஒரு டீஸ்பூன் பொடிக்குப் பதிலாக 30 முதல் 90 கிராம். பூனைக்கு 30 கிராமில் தொடங்குங்கள். இதுவே ஒரு சிக்கலும்கூட, ஏனென்றால் நான்கு கிலோ பூனை ஒரு நாளைக்குத் தின்பது ஏறக்குறைய 200 கிராம் ஈர உணவு. இரண்டு வேளைக்கு 60 கிராம் கணையம் என்றால் வயிற்றில் நல்ல இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. சத்துச் சமநிலையான உணவு அந்த அளவுக்குக் குறைகிறது. 90 கிராம் வரை போக வேண்டியிருந்தால் பொடிக்குத் திரும்புவதே மேல்.

வாங்கும்போது நடக்கும் தவறு: கழுத்திலும் நெஞ்சிலும் இருக்கும் தைமஸ் சுரப்பியும் பார்வைக்குக் கணையம்போலவே வெளிறி, சிறு கதுப்பு கதுப்பாக இருக்கும். அதைக் கணையம் என்றே கொடுத்துவிடுவார்கள். அதில் செரிமான நொதி கிடையாது. இரைப்பையை அடுத்த சிறுகுடல் வளைவில் ஒட்டியிருக்கும் உறுப்பு வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். அறுத்த அன்றே கிடைப்பது நல்லது. வெளியில் கிடக்கக் கிடக்கக் கணையம் தன்னையே செரித்துக்கொள்ளும்.

மேல் கொழுப்பை எடுத்துவிட்டு, பாதி உறைந்த நிலையில் பொடியாக நறுக்கினால் கையில் வழுக்காது. 30 கிராம் பொட்டலங்களாகத் தட்டையாக்கி, தேதி எழுதி, மைனஸ் 20 டிகிரியில் உறையவையுங்கள். அந்தக் குளிரில் மாதக்கணக்கில் நொதி நிற்கும். மூன்று மாதத்துக்குள் தீர்ந்துபோகும் அளவுக்கு மட்டும் வாங்கினால் கவலையில்லை. முந்தின இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி இளக விடுங்கள். வேகவைக்கக் கூடாது, வெந்நீரில் போடக் கூடாது, ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

இதன் ஆபத்தும் உண்மையானது. பச்சை இறைச்சியில் சால்மொனெல்லா, கேம்பைலோபேக்டர் இருக்கலாம். பச்சைப் பன்றியில் ஆவ்ஜெஸ்கி நோயின் வைரஸ் இருந்தால் பூனை பிழைக்காது. அந்த நோய் ஒழிக்கப்படாத பகுதியில் பன்றிக் கணையத்தைத் தொடவே வேண்டாம். வேட்டை விலங்குகளின் கணையத்தில் நாடாப்புழுக் கூடுகள் வரலாம். உறையவைப்பது நொதியைக் காப்பதுபோல் பல கிருமிகளையும் காத்துத்தான் வைக்கிறது. ஆகவே வீட்டில் கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நோய் எதிர்ப்பு குறைந்தவர் யாராவது இருந்தால் பச்சைக் கணையம் வேண்டாம் என்பதே எங்கள் தெளிவான கருத்து. பூனையே நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு, குளோராம்புசில் போன்ற மருந்துகளில் இருந்தாலும் இதே பதில். இ.பி.ஐ.யோடு குடல் அழற்சியும் சேர்ந்து வருவது சாதாரணம் என்பதால் அப்படிப்பட்ட பூனைகள் நிறையவே உண்டு.

கேப்ஸ்யூலும் மாத்திரையும்

மனிதர்களுக்கான கணைய நொதிக் கேப்ஸ்யூல்கள் எங்கும் கிடைக்கும், அளவும் துல்லியம். ஆனால் அவற்றினுள் இருக்கும் குறுமணிகளுக்கு அமிலம் தாங்கும் பூச்சு உண்டு. இரைப்பை அமிலத்தில் லைபேஸ் அழியாமல் காத்து, சிறுகுடலில் கரைய வேண்டும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் இது பொடியைவிடச் சிறந்ததாகத் தெரியும். விலங்குகளில் பெரும்பாலும் பொடியைவிடக் குறைவாகவே பலன் தருகிறது. காரணம் இரண்டு. குறுமணிகள் உணவோடு சேர்ந்து இரைப்பையை விட்டு வெளியேறாமல் பின்தங்குகின்றன. உணவு முன்னே போக, நொதி பின்னே போகிறது. அடுத்தது, நோயுற்ற கணையம் பைகார்பனேட்டையும் குறைவாகவே சுரப்பதால் சிறுகுடலின் தொடக்கத்தில் அமிலம் தணிவதில்லை. பூச்சு கரைய வேண்டிய இடத்தில் கரையாமல் தள்ளிப்போய்க் கரைகிறது.

அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பொடி மணத்தை எந்த வகையிலும் ஏற்காத பூனைக்குக் கேப்ஸ்யூலைத் திறந்து மணிகளை உணவில் தூவிப் பார்க்கலாம்; பூச்சு இருப்பதால் சுவை வெளியே தெரியாது, சில பூனைகள் இதில் நன்றாகவே தேறுகின்றன. 25,000 அலகுக் கேப்ஸ்யூல் என்றால், மேலே சொன்ன ஒரு டீஸ்பூன் பொடியின் லைபேஸில் மூன்றில் ஒரு பங்கைச் சற்று தாண்டும். ஒரு வேளைக்கு எத்தனை என்பதை இந்தக் கணக்கை முன்வைத்து மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். மணிகளை நசுக்கினால் பூச்சு போய்விடும். அப்புறம் அது விலை அதிகமான பொடிதான்.

முழுதாக விழுங்க வைப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பூனையின் உணவுக்குழாயில் உலர்ந்த மாத்திரையும் கேப்ஸ்யூலும் சுலபமாகச் சிக்கி நின்றுவிடும். அங்கே நொதி திறந்துகொண்டால் சுவர் புண்ணாகி, பிறகு தழும்பேறிக் குறுகிவிடலாம். ஒவ்வொரு முறையும் பின்னாலேயே ஐந்தாறு மி.லி. தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள், அல்லது ஒரு வாய் உணவு உடனே கொடுங்கள். பொடியை வெற்றுக் கேப்ஸ்யூலில் அடைக்கலாம் என்பார்கள்; ஒரு டீஸ்பூன் பொடிக்குச் சிறு கேப்ஸ்யூல்கள் ஐந்தாறுக்கு மேல் ஆகும், அதுவும் தினம் இரண்டு வேளை. சில நாளிலேயே பூனை உங்கள் கையைக் கண்டு ஒளிய ஆரம்பிக்கும். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பப்பாளி, அன்னாசி, பூஞ்சை ஆகியவற்றிலிருந்து எடுத்த செரிமானப் பொடிகள் இந்த நோய்க்குப் போதாது. அவற்றை நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் பூனை இன்னும் எடை இழக்கும்.

பி12: ஊசியா, மாத்திரையா?

நொதியைவிட இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். உணவிலுள்ள பி12 குடலில் உறிஞ்சப்பட இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற ஒரு புரதம் வேண்டும். மனிதருக்கு அது இரைப்பையில் சுரக்கிறது. பூனைக்குக் கணையத்தில் மட்டும். கணையம் போனால் பி12உம் போயிற்று. மேலே சொன்ன ஆய்வில் அளந்து பார்த்த பூனைகளில் 77 சதவீதத்துக்குப் பி12 குறைந்திருந்தது. பி12 இல்லாத குடல் தன் உட்சுவரைப் புதுப்பிக்க முடியாமல் திணறும், பசி மங்கும், நொதி எவ்வளவு கொட்டினாலும் எடை ஏறாது. அதே ஆய்வில் பி12 சேர்த்துக் கொடுத்த பூனைகள் மற்றவற்றைவிடச் சிகிச்சைக்கு நன்றாகப் பதில் சொன்னன. பொடி வேலை செய்யவில்லை என்று வடிவத்தை மாற்ற நினைக்கும் முன் பி12 கொடுக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

ஊசி முறை: பூனை ஒன்றுக்கு 250 மைக்ரோகிராம், தோலுக்கடியில், வாரம் ஒருமுறை ஆறு வாரம், ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அதற்கு ஒரு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை. இயல்பு அளவு லிட்டருக்கு 290 முதல் 1,499 நானோகிராம். அதற்குமேல் போயிருந்தால் இடைவெளியை நீட்டலாம். இயல்புக்குள் இருந்தால் மாதம் ஒன்று தொடரும். குறைவாகவே இருந்தால் வார ஊசிக்குத் திரும்ப வேண்டும். இ.பி.ஐ. பூனைக்கு இது பெரும்பாலும் நிரந்தரம்.

வாய்வழி முறை: தினம் 250 மைக்ரோகிராம், பன்னிரண்டு வாரம், முடிந்து ஒரு வாரத்தில் பரிசோதனை. இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாமலேயே ஒரு சிறு பங்கு குடல் சுவரில் தானாக ஊடுருவிவிடும். அளவு பெரிதாக இருந்தால் அந்தச் சிறு பங்கே போதும். ஊசிக்கு அஞ்சும் வீட்டுக்கு நல்ல மாற்று. ஆனால் ஏற்கெனவே பொடியோடு போராடும் பூனைக்குத் தினமும் இன்னொரு மாத்திரை என்பது சிறிய விஷயமல்ல. தொடக்க ஆறு வாரத்துக்கு ஊசி, நிலைமை சீரான பிறகு வேண்டுமானால் மாத்திரை: இதுவே எங்கள் வரிசை. நோய் தெரிந்த முதல் வாரங்களில் பி12 உடம்புக்குள் போனதா போகவில்லையா என்ற சந்தேகமே இருக்கக் கூடாது.

ஊசி வாங்கும்போது மி.லி.க்கு 1,000 மைக்ரோகிராம் உள்ள தனி பி12 என்று கேளுங்கள். பி காம்ப்ளெக்ஸ் வேண்டாம். அதில் பி12 மிகக் குறைவு, போடும்போது எரியவும் செய்யும். 250 மைக்ரோகிராம் என்பது 0.25 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் அளந்தால் யூ-100 சிரிஞ்சில் அது 25வது கோடு, யூ-40 சிரிஞ்சில் 10வது கோடு. சர்க்கரை நோயும் உள்ள பூனை வீட்டில் இரண்டு வகையும் இருக்கக்கூடும். சிரிஞ்சின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் அளக்காதீர்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடிவாரத்தில் ஊசியைச் செருகி, மெதுவாக அழுத்துங்கள். ரோமம் சிவப்பாக நனைந்தால் மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று பொருள். குப்பியை வெளிச்சம் படாமல் வையுங்கள்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: கொழுப்பைக் குறைக்காதீர்கள். பழைய அறிவுரை அது. மெலிந்த பூனைக்குக் கலோரிதான் தேவை. எளிதில் செரிக்கும், நார்ச்சத்து குறைந்த ஈர உணவு போதும். நார் அதிகமானால் நொதியின் வேலைக்கு இடைஞ்சல்.

மாற்றம் தெரியாவிட்டால்

மலம் சில நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கெட்டியாகத் தொடங்கும். எடை ஏற வாரங்கள் ஆகும். சமையலறைத் தராசிலோ குழந்தை எடைத் தராசிலோ வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடுத்துக் குறித்து வையுங்கள். கண்ணை நம்பினால் ஏமாறுவோம்.

இரண்டு வாரம் ஆகியும் அசைவு இல்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள். நொதி இல்லாத உணவு எங்கிருந்தாவது வயிற்றுக்குள் போகிறதா? பொடி காலாவதியானதா, சூட்டில் கலக்கப்பட்டதா? பி12 ஏறியிருக்கிறதா? இவை சரியென்றால் நொதியின் அளவைக் கூட்டலாம், அல்லது வேறு டப்பா, வேறு வடிவம். அதன் பிறகு, மருத்துவர் ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்தைச் சேர்க்கலாம். பூசாத பொடியின் லைபேஸை இரைப்பை அமிலம் அழிப்பதால் இதற்குப் பொருள் உண்டு. குடல் பாக்டீரியாவுக்கான டைலோசின், மெட்ரோனிடசோல் போன்றவை அதற்கும் பின்னால்தான் வர வேண்டும். தொடக்கத்திலேயே ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் பழக்கத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை.

அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு நோய் கூடவே இருக்கிறதா என்று தேட வேண்டும். 150 பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு, 58 சதவீதத்துக்கு, வேறொரு நோயும் இருந்தது: குடல் அழற்சி, சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு என்று. சிகிச்சைக்கு நன்றாகத் தேறியவை 60 சதவீதம், ஓரளவு தேறியவை 27, தேறாதவை 13. சர்க்கரை நோயுள்ள பூனைக்கு உணவு செரிக்கத் தொடங்கியதும் இன்சுலின் தேவை மாறலாம். முதல் வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி அளக்க வேண்டும். காரணமில்லாமல் இரத்தக்கசிவோ தோலடி நீலமோ கண்டால் அன்றே மருத்துவமனை. கொழுப்பு செரிக்காத பூனைக்கு வைட்டமின் கே குறைந்து இரத்தம் உறையாமல் போவது உண்டு.

நன்றாகத் தேறி எடை நிலைத்த பூனைக்கு அளவைக் குறைத்துப் பார்க்கலாம். ஒரு வேளைக்குக் கால் டீஸ்பூன் குறைத்து, இரண்டு வாரம் மலத்தையும் எடையையும் பார்த்து, அப்புறம் அடுத்த கால். மலம் இளகிய இடத்துக்கு முந்தின அளவே அந்தப் பூனையின் அளவு. புது டப்பா திறக்கும்போது அது சற்று மாறலாம்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டாவது வடிவம் ஒன்றைப் பூனைக்குப் பழக்கி வையுங்கள். பொடிக்குத் தட்டுப்பாடு வரும் மாதம் வரும், பச்சைக் கணையம் கிடைக்காத வாரம் வரும், நீங்கள் ஊரில் இல்லாத நாளும் வரும். பொடியில் இருக்கும் பூனைக்குக் கேப்ஸ்யூல் மணிகளை மாதம் ஒரு வேளையாவது கொடுத்துப் பார்த்திருந்தால் அப்போது கை கொடுக்கும். பார்த்துக்கொள்ள வருபவருக்கு ஒரே தாளில் எழுதி வையுங்கள்: ஒரு வேளைக்கு எவ்வளவு உணவு, எத்தனை டீஸ்பூன் பொடி, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், சூடாக்கக் கூடாது, வேறு எதுவும் தரக் கூடாது, ஒரு நாள் சாப்பிடாவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது. பொடியை வேளைவாரியாகச் சிறு டப்பிகளில் உலர்வாக அளந்து வைத்துவிட்டுப் போனால், புதியவர் தவறு செய்ய இடமே இருக்காது.